திருகோணமலையில் நிவாரணப் பணிக்கு வருகிறீர்களா?

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மாவட்டத்தில் நிவாரணப் பணிக்கு ஆள் தேடுவார்கள். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்பவர்கள், விடுமுறையில் இருக்கும் ஆசிரியர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்களும் வரலாமா, என்ன தெரிந்திருக்க வேண்டும்?" தாராளமாக வரலாம். பல மழைக்காலங்கள் இந்த வேலையில் இருந்த அனுபவத்தில், வருவதற்கு முன்னும் வந்த பின்னும் செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குழந்தையைத் தூக்கி வருவதுதான் இந்த வேலை என்று எண்ணி வருகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் மனம் சலித்துவிடுகிறார்கள். தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் உங்கள் கையில் இருக்கப்போவது பெயர்ப்பட்டியல். யாருக்கு நிவாரணப் பொதி கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அதில் எழுதியிருக்கும். சனத்தின் முன் நின்று அதை வாசிக்கப்போவது நீங்கள். இந்த வேலையின் மிகப் பெரிய பாரம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதை நேர்மையாகக் கையாளக் கற்றுக்கொண்டவருக்குக் கிடைக்கும் நிறைவை வேறு எந்த வேலையிலும் நான் கண்டதில்லை.

மாவட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பட்டணமும் சூழலும், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளி, மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர என்று பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

நகரில் வெயில் எறிக்கும் நாளில் வெருகலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. மலைநாட்டில் கொட்டும் மழை மகாவலியில் இறங்கி, மன்னம்பிட்டியைக் கடந்து கீழே வந்து, ஒரு கிளை வெருகல் ஆறாகவும் மற்றது கொட்டியாரக் குடாவிலும் கடலில் சேர்கிறது. ஆகவே மூதூர், வெருகல், சேருவில பக்கம் வேலை செய்யப் போகிறவர் எங்கள் வானத்தைப் பார்த்தால் போதாது. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் மன்னம்பிட்டி நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மட்டம் ஏறுகிறது என்றால், ஆட்களையும் ஆடுமாடுகளையும் மேட்டுக்கு நகர்த்த உங்களுக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தபோது, அந்தக் கொஞ்ச நேரத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

வடக்கே குச்சவெளிப் பக்கம் புயலும் கடலும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது. கந்தளாயில் குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையைக்கூடக் கடல் விட்டுவைக்கவில்லை.

இந்தத் திகதிகளை ஒப்புவிப்பதற்காகச் சொல்லவில்லை. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் வயதானவர்களிடம், "தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். 1964 புயலில் நிலைத்து நின்ற கட்டடம் எது, குளம் உடைந்தபோது ஊர் எந்த மேட்டில் ஏறியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை எந்தப் பாடசாலையை முகாமாகக் கேட்பது என்று நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

தொண்டராக வருவது ஒன்று, சம்பளத்துக்கு வருவது இன்னொன்று. புதியவர்கள் தொண்டராகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளை, சர்வோதயம், உங்கள் ஊரின் தேவாலயம், பள்ளிவாசல், கோயில் சார்ந்த சமூகசேவை அமைப்புகள், கிராம அபிவிருத்திச் சங்கம் என்று பல வாசல்கள் இருக்கின்றன. ஒரு மழைக்காலம் தொண்டராக நின்று பார்த்தால், இந்த வேலை உங்களுக்கு ஏற்றதா என்பது தெரிந்துவிடும்.

சேரும் அமைப்பு அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பதிவில்லாத அமைப்பின் பெயரில் நீங்கள் வீடுவீடாக அடையாள அட்டை இலக்கம் எழுதினால், நாளை கேள்வி உங்களிடம்தான் வரும்.

சம்பள வேலை என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். பெரும்பாலான கள உத்தியோகத்தர் வேலைகள் திட்டக் காலத்துக்கு மட்டும்தான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதமும் நிறுவனத்தின் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தரும் 3 வீதமும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால்தான் பணிக்கொடை கிடைக்கும். ஆறு மாதம், பத்து மாதம் என்று நிறுவனம் மாறுகிறவர்களுக்கு அது எட்டுவதேயில்லை. அதனால் முதல் மாதத்திலிருந்தே சிறு தொகையைச் சேமியுங்கள். படகிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற வேலைக்கு விபத்துக் காப்புறுதி உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கைவசம் இருக்க வேண்டியவை: முதலுதவிப் பயிற்சி, நீச்சல், மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம், கணினியில் எக்செல், கைபேசியில் விபரம் பதியும் கோபோ போன்ற செயலிகள். இவற்றோடு சிங்களம். மாவட்டத்தின் பாதிப் பிரிவுகளில் சிங்களம் தெரியாமல் கூட்டத்தில் குறிப்புக்கூட எடுக்க முடியாது. சிங்கள நண்பர்களுக்கு இதே விடயத்தைத் தமிழ் பற்றிச் சொல்வேன்.

வீட்டாரிடம் பேசிவிட்டு வாருங்கள்

நீங்கள் இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் உங்கள் அம்மா முகம் மாறினால், அதற்குக் காரணம் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில், சுனாமிக்குப் பின்னான குடிநீர், சுகாதார வேலைகளுக்காகப் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய 17 உள்ளூர்ப் பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல இளம் வயதினர், இதே மாவட்டத்துப் பிள்ளைகள். இந்த வேலைக்கு வருகிற எவரும் அவர்களை அறியாமல் வரக்கூடாது.

இன்றைய நிலைமை வேறு. ஆனாலும் அந்த இழப்பிலிருந்து வந்த ஒழுங்குகளை விடாமல் பின்பற்றுங்கள். தனியே களத்துக்குப் போகாதீர்கள். எந்தப் பாதையால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அலுவலகத்தில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். பொறுப்பதிகாரி அந்த இடத்தை விட்டு வெளியேறச் சொன்னால் வாதாடாமல் வெளியேறுங்கள். நீங்களே ஆபத்து என்று உணர்ந்தால் அவர் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகில் ஏறாதீர்கள், படகோட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

வீட்டாருடன் பேச வேண்டிய இன்னொன்று: உங்கள் வீட்டுக்கும் வெள்ளம் வரலாம். அந்த நாளில் அம்மாவையும் அப்பாவையும் யார் கூட்டிப்போவது, சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தன் வீட்டாரின் நிலை தெரியாமல் பிறர் வீட்டாருக்குப் பொதி கட்டிக்கொண்டிருப்பது மனிதரை வதைக்கும்.

முதல் நாள் எங்கே போவது

கிராமத்துக்கு நேரே போகாதீர்கள். மாவட்டச் செயலகத்தில், நாங்கள் கச்சேரி என்று சொல்லும் இடத்தில், அனர்த்த முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டக் கிளை அது. அவசர இலக்கம் 117. எந்தப் பிரிவில் எத்தனை குடும்பம், எந்தப் பாடசாலையில் முகாம், யார் என்ன கொடுக்கிறார்கள் என்ற விபரம் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு பிரதேச செயலாளர், அதன் பிறகு கிராம உத்தியோகத்தர். ஊரில் விதானையார் என்றோ ஜி.எஸ். என்றோ சொல்வார்கள்.

இந்த வரிசை மரியாதைக்காக மட்டும் இல்லை. சுனாமிக்குப் பின் நிறுவனங்கள் ஒன்றையொன்று கேட்காமல் படகு கொடுத்ததில், இலங்கையின் சில கரைகளில் தேவைக்கு மேல் படகு நின்றது. வேறு குடும்பங்கள் கைவிடப்பட்டன. ஒருங்கிணைப்புக் கூட்டம் அலுப்பாகத்தான் இருக்கும். இருந்து கேளுங்கள். பெரிய வீதியோரக் கிராமத்துக்கு மூன்று நிறுவனங்கள் போக, உள்ளே இருக்கும் கிராமத்துக்கு ஒருவரும் போகவில்லை என்பது அந்தக் கூட்டத்தில்தான் தெரியவரும்.

பட்டியல்

விதானையாரின் பட்டியல் உங்களுக்கு ஆரம்பப் புள்ளி. அதை அப்படியே எடுத்துப் பொதி கொடுத்துவிட்டு வர முடியாது. அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதவும் கூடாது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு, வீடுவீடாகச் சரிபாருங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, யார் கர்ப்பிணி, யார் படுக்கையில் என்பதை அவர்தான் சொல்வார்.

விடுபடுகிறவர்கள் எல்லாக் கிராமத்திலும் ஏறக்குறைய ஒரே வகையினர்தான். முகாமுக்கு வராமல் உறவினர் வீட்டில் தங்கியவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் நகரில் இருந்துகொண்டு தன் பெயரைப் பதிந்திருப்பார், தண்ணீரில் நின்றவர் வாடகைக்காரர். தனியே வாழும் முதியவர்கள். வெருகல், மூதூர் பக்கம் காட்டோரக் குடியிருப்புகளில் இருக்கும் பழங்குடி மக்கள். இந்த நான்கு வகையையும் நீங்களாகவே தேடிப் போய்க் கேளுங்கள்.

பெரிய வழக்கு எப்போதும் ஒரே கூரையின் கீழ் வரும். மணமுடித்த மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். அதே வீட்டில் பெற்றோர். இது ஒரு குடும்பமா, இரண்டா? குடும்ப அட்டையைக் கணக்கெடுத்தால் ஒன்று, அடுப்பைக் கணக்கெடுத்தால் இரண்டு. எது உங்கள் நிறுவனத்தின் விதி என்பதைக் கிராமத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்து, எல்லா வீட்டுக்கும் அதே விதியைப் பின்பற்றுங்கள். ஒரு வீட்டில் அட்டைக் கணக்கும் அடுத்த வீட்டில் அடுப்புக் கணக்கும் பார்த்தீர்களானால் அன்றோடு உங்கள் பேச்சு அங்கே எடுபடாது.

பட்டியல் தயாரானதும் பொதுநோக்கு மண்டபத்திலும், கோயில் அல்லது பள்ளிவாசல் சுவரிலும் ஒட்டுங்கள். அடையாள அட்டை இலக்கம் முழுவதையும் பகிரங்கமாக ஒட்டக்கூடாது; கடைசி மூன்று இலக்கம் போதும். தெரிவுக்கான விதிகளை மேலே பெரிய எழுத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மேன்முறையீட்டுக்கு இரண்டு நாளாவது விடுங்கள்.

இனிப் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் இந்த ஊர்க்காரர். பட்டியலில் இருப்பவர்கள் உங்களோடு படித்தவர்கள், உங்கள் மாமி, உங்கள் ஆசிரியரின் மனைவி. இரவு தொலைபேசி வரும்: "தம்பி, நீ அங்கே இருந்துமா எங்கள் பெயர் இல்லை?" கிண்ணியாவில் ஒரு ராத்தா கேட்பார், கந்தளாயில் ஒரு அம்மே கேட்பார், உங்கள் சொந்தத் தெருவில் உங்கள் சித்தியே கேட்பார். வெளியூர் அதிகாரிக்கு இந்தத் தொலைபேசி வராது. மாதக்கணக்கில் இதைத் தாங்குவது இடுப்பளவு தண்ணீரில் நடப்பதை விடக் கடினம். பலர் வேலையை விட்டதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நான் கண்ட வழி மூன்று. உறவினர் பெயர் வரும் கிராமம் என்றால் பொறுப்பதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த வீடுகளை வேறொருவர் சரிபார்க்க விடுங்கள். பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். "பார்ப்போம்" என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள், கேட்பவர் அதை ஆம் என்று எடுத்துக்கொள்வார். மூன்றாவது, என் பார்வையில் முதன்மையானது: "உங்கள் பெயர் இதில் இல்லை அம்மா. ஏன் இல்லை என்று கேட்டு நாளை மாலைக்குள் வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள். பதில் "இல்லை" என்பதாக இருந்தாலும் போங்கள்.

மூதூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் பெயர் விடுபட்டிருந்தது. அவருடைய பதிவு நகரில் இருக்கும் மகனின் அட்டையோடு சேர்ந்திருந்ததால் முதல் கட்டத்தில் கொடுக்க முடியாது என்று முடிவாயிற்று. அதைச் சொல்லப் போனேன். வாசலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு உள்ளே போய், நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு கட்டுக் கடதாசியைக் கொண்டுவந்து, "இதை எப்படிப் பிரிப்பது பிள்ளை?" என்று கேட்டார். காணி உறுதி, மனைவியின் மரணச் சான்றிதழ், ஓய்வூதியக் கடிதங்கள். திண்ணையில் பழைய சாரத்தை விரித்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு தாளாக உரித்து, நிழலில் பரப்பினோம். உறுதியின் முத்திரை மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது, எழுத்து தப்பிவிட்டது. "இல்லை" என்ற பதிலை என் வாயால் கேட்ட மனிதர் தன் வீட்டிலேயே மிகப் பெறுமதியான பொருளை என் கையில் தந்தார். இந்த வேலையில் நிறைவு என்று நான் சொல்வது இதைத்தான். (உங்களுக்கும் இது தேவைப்படும்: நனைந்த பத்திரங்களை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியும் வைக்காதீர்கள். துணிக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே நிழலில் காயவிடுங்கள்.)

பகிர்ந்தளிக்கும் நாள்

லொறி புறப்படும் முன் நாளையும் நேரத்தையும் அறிவிக்காதீர்கள். சாமான் வராத நாளில் சனம் நாள்முழுக்கக் காத்திருந்து திரும்பினால், அந்த வெறுப்பைத் தணிக்கப் பல வாரமாகும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கோயில் திருவிழா, மீனவர் கரைக்கு வரும் நேரம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

இடத்தில் நிழலும் குடிநீரும் மலசலகூடமும் இருக்க வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசையும் உட்கார வாங்குகளும் வேண்டும். பொதியில் என்னென்ன, எத்தனை கிலோ என்று பலகையில் எழுதி வையுங்கள்: அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, டின் மீன், நுளம்புவலை, பாய், தறப்பாள். ஒரு பொருள் குறைந்தால் மக்களே கேட்க அது வழிசெய்யும். லொறியிலிருந்து இறக்கும் முன் எண்ணுங்கள், கொடுத்து முடித்ததும் மிச்சத்தை ஊர்க்காரர் முன்னிலையில் எண்ணுங்கள். பட்டியலில் கையெழுத்து வாங்க நீரில் கரையாத குமிழ்முனைப் பேனா. கைநாட்டு வைப்பவர்களுக்கு மை, துடைக்கத் துணி. பட்டியலைப் பொலித்தீன் உறையில் வையுங்கள், இன்னொரு பிரதி வாகனத்தில் இருக்கட்டும்.

பாரத்தையும் நினையுங்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் போகும் பொதியை ஒரு கைம்பெண் வாய்க்கால் வரம்பில் எப்படித் தூக்கிப் போவார்? இரண்டு பையாகக் கட்டுங்கள். ஊர் இளைஞர்களிடம் கேட்டால் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கேட்காமல் விட்டால் ஆட்டோவுக்கு அந்த அம்மா காசு தேட வேண்டும்.

பெண்களுக்கான சுகாதாரத் துவாய்களைப் பெண் தொண்டர்கள் மூடிய பையில் கொடுக்கட்டும். கைக்குழந்தைகளுக்கான பால்மாவைப் பொதியில் போடாதீர்கள். அசுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும், தாய்ப்பாலும் குறையும். தேவையிருக்கும் குழந்தையைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புங்கள். பழைய உடுப்பு மூட்டைகளைத் தயவுசெய்து ஏற்றி வராதீர்கள். எல்லாம் இழந்து நிற்பவருக்குக் கிழிந்த சட்டையைக் கொடுப்பது அவரை இன்னும் சிறுமைப்படுத்தும்.

படம் எடுப்பது பற்றி ஒரே வார்த்தை: பொதியைக் கொடுத்துக்கொண்டே படத்துக்குச் சம்மதமா என்று கேட்டால், அந்த நிலையில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே வரிசையில் முகங்களை எடுக்காதீர்கள்.

முகாமில் நிற்கும்போது

பாடசாலை வகுப்பறையில் பத்துக் குடும்பம் இருக்கும் இடத்தில் நிதானத்துக்கு உதவுவது சில எண்கள். உலகெங்கும் நிவாரணப் பணியாளர் பின்பற்றும் ஸ்பியர் நியமங்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம். முதல் நாட்களில் இது எட்டாது. எட்டவில்லை என்பதை எழுத்தில் பிரதேச செயலகத்துக்கு அறிவிப்பது உங்கள் கடமை. பெண்கள் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரவில் வெளிச்சம் இருக்கிறதா, கதவுக்கு உட்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பெண்களுக்கு உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929; முகாம் சுவரில் எழுதிவிடுங்கள். அவசர நோயாளருக்கு 1990 அம்புலன்ஸ்.

கிணறு சுத்தம் செய்வதில் அவசரப்படாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து குளோரின் இடுங்கள். குடிக்கும் நீரில் எஞ்சும் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கடலோரக் கிணறு என்றால் வற்றும்வரை இறைக்காதீர்கள். நன்னீர் மட்டம் இறங்கினால் அடியிலிருந்து உப்புத்தண்ணீர் மேலே ஏறும். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கண்ட பாடம் அது.

கதை கேட்பது பற்றி. மழை இரைச்சலில் முகாமில் சுனாமியைப் பற்றிப் பேச்சு எழும். நீங்கள் கிளறாதீர்கள். உளவியல் முதலுதவியில் சொல்லித் தருவது பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றுதான்: யார் ஒதுங்கி இருக்கிறார் என்று பாருங்கள், அவர் பேச விரும்பினால் கேளுங்கள், அவருக்குத் தேவையான ஆளோடு, இடத்தோடு இணைத்துவிடுங்கள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது போதும். பிள்ளைகளுக்குக் கொப்பியும் நிறப் பென்சிலும் கொடுத்து, விளையாட ஒரு மூலையை ஒதுக்கினால், தாய்மார் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

உங்கள் உடம்பு, உங்கள் மனம்

வெள்ளநீரில் இறங்கும் முன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கிய பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வேலை செய்யாமல் வைத்தியரிடம் போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள். சப்பாத்தைக் காலில் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், மழையில் பாம்பு உலர்ந்த இடம் தேடும்.

மனம் களைப்பது மெதுவாகத் தெரியும். நித்திரை வராது. சிறு கேள்விக்கும் எரிச்சல் வரும். வீட்டில் சாப்பிடும்போது முகாமில் பார்த்த தட்டு நினைவுக்கு வந்து கை நிற்கும். சிலர் கதைகேட்டு அழுவார்கள், சிலருக்கு எதுவுமே உறைக்காமல் போய்விடும். பின்னது இன்னும் கவனிக்க வேண்டியது. உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். இதே வேலையில் இருக்கும் எவருக்கும் இது வரும்.

செய்யக்கூடியவை எளியவைதான், ஆனால் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அந்த நாளில் பட்டியல் சம்பந்தமான தொலைபேசியை வேறொருவர் எடுக்கட்டும். மாலையில் குழுவாக உட்கார்ந்து அன்று நடந்ததை அரைமணி நேரமாவது பேசிவிட்டுப் பிரியுங்கள். உங்கள் வீட்டுக்கும் வெள்ளம் வந்திருந்தால் நீங்களும் பாதிக்கப்பட்டவர்தான், விடுப்புக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நித்திரையின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் போகலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தாங்கிநிற்க உதவுவது இன்னொன்றும் உண்டு: கூட வேலை செய்கிறவர்கள். நம் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே பானையில் சோறு உண்ணும் இடங்கள் அதிகமில்லை. நிவாரணக் குழு அப்படியோர் இடம். விடிய விடியப் பொதி கட்டிய கைகள் ஒன்றையொன்று மறப்பதில்லை. போர்க்காலத்தில் ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்த பிள்ளைகள் ஒரு தறப்பாளின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்துக் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த மாவட்டத்தின் மீது நம்பிக்கை வருகிறது.

திட்டம் முடியும்போது

முடியும் திகதியைக் கிராமத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் மறைந்துவிடும் நிறுவனங்களால்தான் அடுத்து வருகிறவரைச் சனம் சந்தேகத்தோடு பார்க்கிறது. கடைசிக் கூட்டத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம், என்ன மிச்சம் என்பதை வாசித்துக் காட்டுங்கள். தீராத மேன்முறையீடுகளைப் பெயரோடு பிரதேச செயலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்பதை அந்தந்த வீட்டுக்குச் சொல்லுங்கள். தனிப்பட்ட விபரங்கள் இருக்கும் பிரதிகளை உங்கள் கைபேசியில் வைத்திருக்காதீர்கள்.

நிறுவனத்திடமிருந்து சேவைக் கடிதம், சேமலாப நிதிக் கூற்று, பயிற்சிச் சான்றிதழ் மூன்றையும் கடைசி நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அலுவலகம் மூடிய பின் கையெழுத்திட ஆள் இருக்காது.

புரட்டாதி பிறந்ததும் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுங்கள். விதானையார் மாறியிருக்கலாம், படகோட்டியின் இலக்கம் மாறியிருக்கலாம், முகாமாக இருந்த பாடசாலையின் கூரை இன்னும் திருத்தப்படாமல் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் அழைத்துக் கேட்டு, புதிய இலக்கத்தைப் பழையதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.